ரித்தாஜ் சரளமாகப் படிக்கிறாள்

கஃப்ர் அத்-தூத் ஊரிலுள்ள எதிர்கால ஒளி ஆரம்பப் பள்ளியில் மழை பெய்தால் கூரை ஒழுகும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இரண்டாம் வகுப்பு 'ஜீம்' பிரிவில் அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பதினேழு பெஞ்சுகள். இதெல்லாம் மாவட்டக் கல்வி இயக்ககத்தின் கண்ணில் ஒருநாளும் பட்டதில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கு சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் இல்லை என்பது மட்டும் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது.

அன்று மதியமே சுற்றறிக்கை வந்தது. பதினொரு பக்கம். தலைமையாசிரியர் உஸ்தாத் ஃபிக்ரி அதை ஆசிரியர் அறையில் நின்றுகொண்டு, மற்றவர்களையும் நிற்க வைத்து வாசித்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பாடமும் அந்தப் பக்கத்தில் ஏற வேண்டும். எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்பதை வைத்து ஆசிரியரின் தரம் முடிவாகும். கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'பதிவேற்றப்படாத எதுவும் நடைபெறவில்லை என்றே கருதப்படும்.'

இரண்டாம் வகுப்புக்கு அரபி எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுக்கும் இன்ஷிராஹ் மிஸ் கையைத் தூக்கினார். வயது ஐம்பத்தொன்று, சர்வீஸ் இருபத்தேழு வருடம். இன்னும் கையைத் தூக்கித்தான் பேசுவார்.

"நம்ம பள்ளிக்கூடத்துல இணையமே இல்லையே, உஸ்தாத்?"

"இல்லைங்கிறதைப் பதிவேத்தினீங்களா?"

"இல்லை."

"அப்ப அப்படியொண்ணு நடக்கவே இல்லை. உக்காருங்க. சரி, நின்னுகிட்டே இருங்க, இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

ஆசிரியர்கள் சொந்த போனில், சொந்தக் காசில் பக்கங்களைத் தொடங்கினார்கள். இன்ஷிராஹ் மிஸ்ஸுக்கு அவருடைய தங்கை மகன் தொடங்கிக் கொடுத்தான். பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது, இதுவும் ஒரு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகும் என்று அவர் நினைத்துக்கொண்டார். இருபத்தேழு வருடத்தில் இப்படி வந்துபோன சீர்திருத்தங்களின் எலும்புகள் பள்ளியின் சாமான் அறையில் கிடந்தன. உடைந்த கணினிகள் ஆறு, 'மகிழ்ச்சியாகக் கற்போம்' என்று எழுதிய பேனர் நாலு, யாரும் ஊதத் துணியாத ஒரு குழல்.

அவருடைய கவலை வேறு. அதன் பெயர் ரித்தாஜ்.

ரித்தாஜுக்கு ஏழு வயது. கெட்டிக்காரி. சந்தையில் அம்மாவோடு உட்கார்ந்து, "ஜர்ஜீர் கீரை, கொத்துமல்லி, எலுமிச்சை, வாங்க வாங்க" என்று பாட்டாகவே பாடுவாள். எதை ஒருமுறை கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள். படிக்கத்தான் வராது. ஒரு எழுத்துகூடத் தெரியாமல் முதல் வகுப்பைத் தாண்டி வந்துவிட்டாள். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் காதில் வாங்கி, அதையே தானும் வாசிப்பதுபோல ஒப்பித்து ஒப்பித்து ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறாள். இந்த வருடம் பிடிக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போவாள், ஐந்தாம் வகுப்பில் பள்ளியைவிட்டே போவாள். அது இன்ஷிராஹ் மிஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப் போனவர்களை அவர் பெயரோடு நினைவு வைத்திருந்தார். அதில் ஒருத்தி ஹனாதி. அந்த ஹனாதிதான் ரித்தாஜின் அம்மா.

அதனால் பதினொன்று பத்துக்கு இடைவேளை மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் வெளியே ஓட, இருபது நிமிடம் ரித்தாஜை மட்டும் பிடித்து உட்காரவைத்தார் மிஸ். அவர் கையில் அவரைக்கொட்டை மசித்து வைத்த ஃபூல் ரொட்டி, அவள் கையில் சாக்குக்கட்டி. புத்தகத்தைத் திறந்தால் உடனே பாட ஆரம்பித்துவிடுவாள் என்பதால் புத்தகமே வேண்டாம் என்று வைத்துவிட்டார். வகுப்புக் கதவில் அவள் உயரத்துக்குப் பெரிதாக 'பாப்' என்று எழுதினார். பாப் என்றால் கதவு. ஒரு பா, ஒரு அலிஃப், இன்னொரு பா. "உள்ள வரும்போதும் வெளிய போகும்போதும் மூணு எழுத்தையும் தொட்டுட்டுத்தான் போகணும்," என்றார்.

"கழிப்பறைக்கு அவசரமா ஓடும்போதுமா மிஸ்?"

"அப்பவும்தான்டி."

பக்கம் வளர்ந்தது. அதற்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. அறிவியல் பாடத்தில் ஈரப்பஞ்சில் அவரைக்கொட்டை முளைப்பதைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் கண்ணாடிக் குவளைகளில் போட்டுவைத்த கொட்டைகளுக்குச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லைபோலும், நான்கு நாளாகியும் முளைக்கவில்லை. பதிவேற்றக் கெடு வியாழன். உஸ்தாத் ஃபிக்ரி மளிகைக்கடைக்கு ஆள் அனுப்பி, சூப்புக்கென்று முளைகட்டி விற்கிற ஃபூல் ஒரு கிலோ வாங்கிவரச் சொன்னார். பஞ்சின்மேல் அதை அடுக்கிப் படம் எடுத்தார்கள். 'ஜீம் பிரிவுப் பிள்ளைகளின் அறிவியல் சாதனை.' முந்நூற்றுப் பத்து விருப்பக்குறி. மிச்சத்தை வேகவைத்து ஆசிரியர்கள் எலுமிச்சை பிழிந்து குடித்தார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையில், யாரும் பார்க்காத நேரத்தில், பிள்ளைகளின் கொட்டைகள் தாமாகவே முளைத்தன. சனிக்கிழமை அவற்றைக் குப்பையில் கொட்டச் சொன்னார் உஸ்தாத். ஒரே பாடத்தை இரண்டுமுறை பதிவேற்ற முடியாதாம்.

அடுத்து வந்த உத்தரவுதான் வினையாகிப்போனது. பிள்ளை முகம் தெரிய, பெயர் சொல்லி, புத்தகம் வாசிக்கிற காணொளி வகுப்புக்கு ஒன்று வேண்டும். பெற்றோர் சம்மதக் கடிதமும் வேண்டும்.

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. அந்த ஊரில் இது தாய்ப்பாலோடு வருகிற பாடம். முட்டை விலையைச் சொன்னாலும் 'மாஷா அல்லாஹ்' சேர்த்துத்தான் சொல்வார்கள், கோழியின்மேல் கண் விழக்கூடாதே என்று. நன்றாகப் படிக்கிற பிள்ளையின் முகத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் காட்ட எந்தத் தாய் சம்மதிப்பாள்? வகுப்பிலேயே முதலாவதாக வரும் பையனின் அம்மா கடிதத்தை நான்காக மடித்து மிஸ்ஸின் கையிலேயே திணித்துவிட்டுப் போனாள். "எங்க வீட்டுல போன வருஷம்தான் எருமை செத்துது. இன்னொரு கண்ணத் தாங்க மாட்டோம்." இரண்டாவதாக வரும் பெண்ணின் அம்மா அவளுக்கு வாசிக்கவே தெரியாது என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்தாள். பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளை சம்மதக் கடிதத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தது.

சாதாரணப் படங்களுக்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளின் முகத்தின்மேல் நீலமணி ஒட்டிவிடுவது, கண்ணேறுக்குக் கட்டுகிற அதே நீலக் கண்மணி. அதன்பிறகு பள்ளிப் பக்கத்தைத் திறந்தால் சீருடை போட்ட நீலமணிகள் வரிசையாக நின்று கொடிவணக்கம் செய்தன. ஆனால் வாசிப்புக் காணொளியில் மணி செல்லாது, முகம்தான் வேண்டும் என்று இயக்ககம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

அறுபத்தெட்டில் ஒரே ஒரு கடிதம்தான் சம்மதத்தோடு திரும்பி வந்தது. கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை.

"எம்பொண்ணு மேல எவ கண்ணு வைக்கப்போறா, மிஸ்?" என்று சிரித்தாள் ஹனாதி. இடுப்பில் கீரைக்கூடை. "கீரைக்காரி மக. ஒரு கால்ல பச்சைச் செருப்பு, ஒரு கால்ல சிவப்பு. தாராளமா புடிங்க படத்தை."

இன்ஷிராஹ் மிஸ் கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் ஓடினார். "உஸ்தாத், இந்தப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. இப்பத்தான் ரெண்டு எழுத்து கத்துக்கிட்டிருக்கா."

"வாய் பேசுமா?"

"பேசும்."

"மனப்பாடம் வருமா?"

"அதுதான் வியாதியே, உஸ்தாத்!"

"மிஸ் இன்ஷிராஹ், வியாதின்னு சொல்லாதீங்க, திறமைன்னு சொல்லுங்க." அவர் ஏற்கெனவே பேனாவைத் திறந்துவிட்டார். வாசிக்க வேண்டிய பகுதியைத் தாமே இயற்றினார். 'என் பள்ளி ஒரு தோட்டம். என் தலைமையாசிரியர் அதன் தோட்டக்காரர். தொழில்நுட்பம் அதன் தண்ணீர். நாங்கள் அதன் மலர்கள்.' இப்படியே பன்னிரண்டு வரி. அதில் தோட்டக்காரர் நான்குமுறை வந்தார்.

ரித்தாஜ் இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை சொன்னாள். கையில் பிடிக்க நல்ல அட்டைபோட்ட புத்தகம் பள்ளியில் ஒன்றுதான் இருந்தது, தீயணைப்புக் கருவியைக் கையாளும் கையேடு. அதற்குத் தங்கத்தாள் சுற்றினார்கள். பக்கம் புரட்ட வேண்டிய இடங்களில் உஸ்தாத் ஃபிக்ரி இருமினார். போனைப் பிடித்துப் படம் எடுத்தது இன்ஷிராஹ் மிஸ். எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓய்வுக்கு ஒன்பது வருடம் இருந்தது. இதை முடித்துக்கொடுத்தால் இடைவேளையிலாவது நிம்மதியாக விடுவார்கள் என்று ஒரு கணக்கும் மனதில் இருந்தது.

'ரித்தாஜ் சரளமாகப் படிக்கிறாள்' என்ற தலைப்போடு அது பக்கத்தில் ஏறியது. முதல் நாள் நாற்பது பேர் பார்த்தார்கள். செருப்பு இரண்டும் இரண்டு நிறம் என்பதை யாரோ கவனித்துக் கண்ணீர் விட்டிருக்க வேண்டும், ஒரு வாரத்தில் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 'ஏழ்மையிலும் கல்வி' என்று எழுதினார்கள். இதயங்கள் பறந்தன. ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர் மட்டும், 'குழந்தை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாளே?' என்று கேட்டிருந்தார். உஸ்தாத் ஃபிக்ரி அவரைப் பக்கத்திலிருந்து தடைசெய்தார்.

கணக்கு தப்பாகிப்போனது இன்ஷிராஹ் மிஸ்ஸுக்கு அடுத்த திங்களன்றுதான் தெரிந்தது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் பட்டியலில் முதல் பெயராக அவர் எழுதிவைத்திருந்த ரித்தாஜின் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

"இது எப்படி, உஸ்தாத்?"

"வாசிக்கிற பிள்ளையை வாசிக்கத் தெரியாதவங்க பட்டியல்ல வைக்க முடியுமா?"

"அவளுக்கு வாசிக்கத் தெரியாதே! நீங்கதானே இருமினீங்க!"

"ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம் பேர் தெரியும்ங்கிறாங்க. நீங்க ஒருத்தர் தெரியாதுங்கிறீங்க. நான் யாரை நம்பணும்? எனக்கு ஜனநாயகத்துல நம்பிக்கை உண்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இனிமே இடைவேளையில அவளை உக்காரவச்சு அலிஃப் பா நடத்தாதீங்க. யாராவது பாத்தா என்ன ஆகும்? மாவட்டத்தோட முன்மாதிரி வாசகி அவ."

மிஸ் நடத்தினார். ஆனால் சாமான் அறைக்குள் போய், உடைந்த கணினிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினார். திருட்டுத்தனமாகச் செய்த இந்த ஒரு காரியத்தில்தான் இத்தனை வருடத்தில் தான் சம்பளத்துக்கு உரிய வேலை செய்வதாக அவருக்குப் பட்டது. ரித்தாஜ் இப்போது மறுக்கத் தொடங்கியிருந்தாள்.

"எனக்குத்தான் படிக்கத் தெரியுமே, மிஸ். எல்லாரும் சொல்றாங்க."

"உனக்குத் தெரியுமாடி?"

அவள் பச்சைச் செருப்பால் சிவப்புச் செருப்பைத் தேய்த்தாள். "இல்லை," என்றாள். பிறகு சாக்குக்கட்டியை எடுத்தாள்.

சாமான் அறை விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து, மூன்றாவது வாரம் சட்டப்பிரிவிலிருந்து விசாரணைத்தாள் வந்தது. விசாரிக்க வந்த எழுத்தர் பதில்களைத் தாமே உரக்கச் சொல்லிக்கொண்டு எழுதினார்.

"பதினொன்று பத்திலிருந்து பதினொன்று முப்பது வரை எங்க இருந்தீங்க?"

"பாடம் நடத்தினேன்."

"ஆதாரம்?"

"அந்தப் பிள்ளைதான்."

"பிள்ளை ஆதாரமாகாது, மிஸ். இணைப்பு வேணும். அதைத் தொட்டா படம் திறக்கணும்."

"பிள்ளையைத் தொட்டா வாய் திறக்கும். போதாதா?"

எழுத்தருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்புக்குத் தாளில் கட்டம் இல்லை. 'ஆசிரியை தினமும் இருபது நிமிடம் நடைபெறாத ஒன்றில் ஈடுபட்டிருந்தார்' என்று எழுதினார். இரண்டாவது குற்றச்சாட்டாக, அரசுச் சொத்தான கதவில் அனுமதியின்றி எழுதியது. கதவைப் போய்ப் பார்த்துவிட்டு, "என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"கதவுன்னு."

"கதவுல எதுக்கு கதவுன்னு எழுதணும்? பாத்தாலே தெரியுதே."

படிக்கத் தெரிந்தவர்களிடம் விளக்கக்கூடிய விஷயம் இல்லை அது.

பரிசளிப்பு விழா மாவட்டத் தலைநகரில் நடந்தது. ரித்தாஜுக்கு இயக்ககமே ஒரே நிறத்தில் இரண்டு செருப்பு வாங்கிக் கொடுத்தது. மேடைக்கு வந்ததும் கழற்றச் சொல்லிப் பழையதையே போடவைத்தார்கள், ஜனங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே. ஹனாதிக்கு முன்வரிசையில் இடம். இன்ஷிராஹ் மிஸ்ஸுக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

இயக்ககத்தின் எண்ணியல் மாற்றப்பிரிவுத் தலைவர் டாக்டர் ஹாஸிம் அல்-கப்பானி பேசினார். நல்ல குரல்.

"அன்பர்களே, பழைய காலத்தை நினைத்துப் பாருங்கள்! ஒரு ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்துவார். பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். யாருக்குத் தெரிந்தது? யாருக்கும் தெரியாது. எவ்வளவு பெரிய விரயம்! இன்று நிலைமை தலைகீழ். இதோ, ஒரு பிள்ளைகூடப் புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை, கல்வி இரண்டு லட்சம் வீடுகளுக்குப் போய்விடுகிறது. 'எழுத்தறிவு எத்தனை சதவீதம் கூடியது?' என்று சிலர் கேட்கிறார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன், எழுத்தறிவுக்கு இதுவரை யாராவது இதயம் போட்டிருக்கிறார்களா?"

கைதட்டல் அடங்க நேரமானது.

பிறகு ரித்தாஜை மேடையேற்றினார்கள். தீயணைப்புக் கையேடு மேடைக்குப் பொருந்தாது என்று இயக்ககத்தின் சொந்த வாசிப்புப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். பெரிய எழுத்து. தெரியாமல் செய்த இந்த ஒரு தவறுதான் அவர்களைக் கவிழ்த்தது. புத்தகத்தின் அட்டையை ஒருமுறை பார்த்தாள் ரித்தாஜ். திருப்பி நேராகப் பிடித்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து மிஸ் அதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

"என் பள்ளி ஒரு தோட்டம்," என்று தொடங்கினாள் ரித்தாஜ். மணிபோன்ற குரல். "என் தலைமையாசிரியர் அதன்..."

நின்றுவிட்டாள்.

உஸ்தாத் ஃபிக்ரி இருமினார். அவள் புரட்டவில்லை. அவள் விரல் பக்கத்தின் நடுவில் ஒரு இடத்தில் போய் நின்றது. இன்னொருமுறை இருமினார். முன்வரிசையில் ஒருவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"பா," என்றாள் ரித்தாஜ்.

முன்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பா... அலிஃப்... பா." விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டது, கதவில் தொடுவது போலவே. பிறகு அவள் நிமிர்ந்து, முன்வரிசை முழுவதையும் தாண்டி, கடைசிவரை தேடினாள். "மிஸ்! பாப்! இங்க பாப்னு போட்டிருக்கு, மிஸ்!"

இன்ஷிராஹ் மிஸ்ஸுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. இருபத்தேழு வருடத்தில் அவர் எத்தனையோ பிள்ளைகள் முதல் சொல்லை வாசிக்கக் கேட்டிருக்கிறார். ஒன்றுகூட அவருக்குப் பழகியதில்லை. கைதட்டலாம் என்று கையைத் தூக்கினார். ஆனால் மண்டபத்தில் அறுநூறு பேரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீராகப் படித்த பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி விழுந்ததை. "கண்ணு பட்டுடுச்சு," என்று ஒரு அம்மா நெஞ்சில் அறைந்துகொண்டாள். "ரெண்டு லட்சம் பேர் பாத்தா பச்சப்புள்ள என்னத்துக்காகும்?" என்றாள் இன்னொருத்தி. டாக்டர் ஹாஸிம் ஒலிவாங்கியைப் பிடுங்கி, தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்தார். பிள்ளையின் தொழில்நுட்பமா, ஒலிவாங்கியின் தொழில்நுட்பமா என்று சொல்லவில்லை.

இயக்ககம் கண்ணேறை நம்புவதில்லை, அது விஞ்ஞானபூர்வமான அலுவலகம். எனவே அறிக்கையில், 'மிகுதியான பொதுக் கவனத்தால் மாணவிக்கு ஏற்பட்ட தற்காலிக வாசிப்புத் தடை' என்று எழுதினார்கள். விழாவின் காணொளியில் பழைய குரலை ஒட்டி ஏற்றினார்கள். அது மூன்று லட்சம் போனது. இன்ஷிராஹ் மிஸ்ஸுக்கு மாற்றல் உத்தரவு வந்தது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கால்வாய்க்கரைப் பள்ளி ஒன்றுக்கு.

அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த சாயங்காலம் ஹனாதி வீட்டுக்கு வந்தாள். கையில் ஊசி, போன், தடித்த தாளில் வெட்டிய ஒரு பொம்மை. கண் பட்டால் இப்படித்தான், தாள் பொம்மையில், பார்த்தவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் குத்தி, சாம்பிராணியில் எரித்துவிட வேண்டும்.

"பாத்தவங்க பேரெல்லாம் இதுல இருக்காம், மிஸ். எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க வாசிங்க, நான் குத்துறேன்."

மிஸ் பொம்மையை வாங்கிப் பார்த்தார். அதன் வயிற்றில் தங்க எழுத்தில் 'முன்மாதிரி வாச' என்று இருந்தது. இயக்ககம் கொடுத்த சான்றிதழ். நல்ல கெட்டித்தாள் என்று ஹனாதி வெட்டிவிட்டிருக்கிறாள். மிஸ் போனை வாங்கி வாசித்தார். உம்மு யூசுஃப். ஒரு குத்து. ஷவ்கி என்கிற மெக்கானிக். ஒரு குத்து. அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு ரோஜாப் படம், பெயர் இல்லை. ரோஜாவுக்கும் ஒரு குத்து. முப்பது பேர் ஆவதற்குள் பொம்மை சல்லடையாகிவிட்டது.

"இன்னும் எத்தனை பேர், மிஸ்?"

"மூணு லட்சம்." மிஸ் போனைக் கீழே வைத்தார். "ஹனாதி, கண்ணெல்லாம் ஒண்ணும் படல. முதல்ல அவ படிக்கவே இல்லை, பாட்டுப் பாடினா. நீ சந்தையில பாடறியே, அது மாதிரி. மேடையில நின்னாளே, அப்பத்தான் படிச்சா. மூணு எழுத்து. அவ பொறந்ததுலருந்து முதல்தடவை."

ஹனாதி ஊசியைத் தாழ்த்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அவளும் அந்த வகுப்பில் பக்கத்துப் பிள்ளையைக் கேட்டு ஒப்பித்து ஒப்பித்து ஐந்தாம் வகுப்புவரை போனவள்தானே.

"அப்ப நான் யாரு பேரைச் சொல்லிக் குத்தணும்?"

"தலைமையாசிரியர் பேரைச் சொல்லு. டாக்டர் பேரைச் சொல்லு." மிஸ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அப்புறம் இன்ஷிராஹ்னு சொல்லி ஒரு குத்து குத்து. போனைப் பிடிச்சது நான்தான்."

ஹனாதி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். முதல் இரண்டையும் குத்தினாள். மூன்றாவதைக் குத்தவில்லை. "நீங்க போயிட்டா அவளுக்கு யாரு மிஸ் சொல்லித்தருவா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் இயக்ககத்திடம் இருந்தது. இன்ஷிராஹ் மிஸ்ஸின் இடத்துக்கு ஆள் போடவில்லை, போடத் தேவையும் இல்லை. ஜீம் பிரிவில் ஒரு திரை மாட்டினார்கள். தினமும் இரண்டு வேளை 'ரித்தாஜ் சரளமாகப் படிக்கிறாள்' காணொளியைப் போட்டார்கள். அறுபத்தெட்டுப் பிள்ளைகளும் அதைப் பார்த்துச் சரளமாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அறுபத்தெட்டில் ரித்தாஜும் ஒருத்தி.

கால்வாய்க்கரைப் பள்ளியில், இடைவேளையில், மிஸ் பழைய பள்ளியின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். புதிதாக ஒரு படம் ஏறியிருந்தது. 'திரைவழி வாசிப்பு வகுப்பு.' இருட்டிய அறை, ஒளிரும் திரை, அதில் பெரிதாக ரித்தாஜின் முகமும் தங்கத்தாள் சுற்றிய கையேடும். எதிரே பதினேழு பெஞ்சுகளில் அறுபத்தெட்டு நீலமணிகள் கைகட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தத் தடவை ஹனாதியும் மணி கேட்டிருக்க வேண்டும்.

மிஸ் படத்தைப் பெரிதாக்கினார். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒரு நீலமணி மட்டும் திரையின் பக்கம் இல்லை. உடம்பு முழுக்கத் திரும்பியிருந்தது, பெஞ்சுக்கு அடியில் ஒரு பச்சைச் செருப்பும் ஒரு சிவப்புச் செருப்பும். அது பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில்தான், திரை வெளிச்சம் விழுந்த இடத்தில், கதவு. கதவைத் துடைத்துப் புதிதாக வர்ணம் அடித்திருந்தார்கள், சாக்குக்கட்டியின் அடையாளமே இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்தில், புது வர்ணத்தின்மேல், விரல் பட்டுப் பட்டு அழுக்கான இடங்கள் மூன்று இருந்தன.

அந்தப் படத்துக்கு ஒரு விருப்பக்குறி போடலாம் என்று வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்குத் தோன்றியது. அழுத்தினார். 'நீங்கள் இந்தப் பக்கத்திலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளீர்கள்' என்று வந்தது.